வில்லும் விற்பனையும்

அடியேன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இரண்டு சமாச்சாரங்கள் உண்டு. ஒன்று, சொந்தக் காசில் அச்சடித்த என் முதல் நாவலின் 157 பிரதிகள். இன்னொன்று, ஒரு வயலின். இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நாள் பெரிய சண்டை நடந்தது. அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

காலை 5 மணிக்கு நான் நாவலாசிரியன். 10 மணிக்கு ஆபீஸில் சீனியர் அசிஸ்டென்ட். ராத்திரி 9 மணிக்கு வயலின் வித்வான். 'வித்வான்' என்பது எனக்கு நானே கொடுத்துக்கொண்ட பட்டம். மாடி வீட்டு மாமாவிடம் கேட்டால் வேறு பட்டம் சொல்வார். ஒருநாள் படிக்கட்டில் மடக்கிக்கொண்டார்.

"ஏம்ப்பா, எப்ப முடியும்?"

"மோகன வர்ணமா மாமா? முக்கால்வாசி வந்தாச்சு. கடைசி ஸ்வரங்கள்தான் பாக்கி."

"வர்ணத்தைக் கேக்கலப்பா. உன் ஆசையைக் கேட்டேன்."

சரி, நாவலுக்கு வருவோம். முதல் நாவலை இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். ஒருவர் பதிலே போடவில்லை. இன்னொருவர் 'பரிசீலனையில் இருக்கிறது' என்று 14 மாதம் பரிசீலித்தார். கடைசியில் நானே பதிப்பாளர் ஆகிவிடுவது என்று தீர்மானித்தேன். இப்போதெல்லாம் அது சுலபம் சார். ஆயிரம் காப்பி போட்டே ஆக வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை. பத்து வேண்டுமானாலும் அச்சடித்துத் தருகிறார்கள். புத்தகத்தின் பின்னட்டையில் ஐ.எஸ்.பி.என். என்று ஒரு நீள நம்பர் இருக்கிறதே, அதை நம் நாட்டில் அரசாங்கமே இலவசமாகத் தருகிறது. இந்த நாவல் விவகாரத்தில் எனக்கு இலவசமாகக் கிடைத்தது அது ஒன்றுதான்.

பத்து போதும் என்று பிரஸ்காரர் சொன்னார். நான் 200 போட்டேன். முதல் வருஷத்தில் வீட்டை விட்டுப் போனவை 43. இதில் விற்றவை எத்தனை, கொடுத்தவை எத்தனை என்று கேட்காதீர்கள். சகதர்மிணி இந்தப் பத்திரிகையைத் தவறாமல் படிப்பவள்.

இந்த லட்சணத்தில் இரண்டாவது நாவலும் முடிந்துவிட்டது. இந்தத் தடவையும் 200. பிரஸ்ஸில் 28,000 ரூபாய் என்றார்கள். அந்த மாதம்தான் பையன் ஸ்கூல் ஃபீஸ், இன்ஷூரன்ஸ் பிரீமியம், ஃப்ரிட்ஜ் ரிப்பேர் மூன்றும் சொல்லிவைத்தாற்போல வந்தன. மனைவி யோசித்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"அந்த வயலினை வித்துடுங்களேன்."

தமிழ் பொல்லாத பாஷை சார். வயலினை வாசிக்கிற குச்சிக்கும் 'வில்' என்று பேர். விற்றுத் தொலை என்பதற்கும் 'வில்' என்றுதான் பேர்.

அவள் சொன்னதில் தப்பில்லை. பதினோரு வருஷமாக வாசிக்கிறேன். கச்சேரி கிடையாது. கல்யாண ரிசப்ஷன் கிடையாது. தெருமுனைப் பிள்ளையார் கோயிலில்கூட ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு, மறுவருஷம் விவேகமாக நாதஸ்வரத்துக்குப் போய்விட்டார்கள். ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட்டும் அதையேதான் சொன்னார். "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் எதுக்கு? ஒண்ணு எழுது, இல்லாட்டி வாசி. ரெண்டையும் பண்ணிண்டிருந்தா டிபார்ட்மெண்ட் பரீட்சையை யார் எழுதறது?"

இந்த மாதிரி சமயங்களில் நான் ஆன்டனி டிராலப்பைத் துணைக்குக் கூப்பிடுவது வழக்கம். நம்ம ஆள். குமாஸ்தா. 1834-ல் லண்டன் தபால் இலாகாவில் சேர்ந்து 1867 வரை உத்தியோகம் பார்த்தவர். ஜெர்ஸி தீவில் தெருவோரத் தபால் பெட்டி வருவதற்குக் காரணமானவர். இதற்கு நடுவில் நாவல் எழுதினார். மொத்தம் 47. விடியற்காலை 5.30-க்கு மேஜையில் உட்கார்ந்துவிடுவார். எழுப்பிவிட ஒரு கிழவருக்கு வருஷம் 5 பவுண்டு தனிச் சம்பளம். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 வார்த்தை. ஆபீஸ் கிளம்புவதற்குள் அன்றைய இலக்கியம் முடிந்துவிடும். அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள் குதிரையேறி நரி வேட்டை! உத்தியோகம், நாவல், பொழுதுபோக்கு மூன்றையும் விடவில்லை. இந்தக் கணக்கையெல்லாம் அவர் எழுதிவைத்த சுயசரிதை, அவர் காலமான பிறகு 1883-ல் வெளிவந்தது. கலைஞன் கடிகாரம் பார்த்தா எழுதுவான் என்று பலர் முகம் சுளித்தார்கள்.

சங்கீதத்துக்கும் சாட்சி உண்டு. ஆன்டனி பர்ஜெஸ் என்று இன்னொரு இங்கிலாந்துக்காரர். நாவல்களால் உலகப் புகழ். ஆனால் தன்னை 'நாவல் எழுதுகிற சங்கீதக்காரன்' என்று உலகம் சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. அவருடைய சிம்பனி ஒன்றை 1975-ல் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் வாசித்தார்கள். இங்கே நம்ம கல்கி, கதை எழுதிய கையோடு 'கர்நாடகம்' என்ற பேரில் கச்சேரி விமர்சனமும் எழுதினார்.

இதையெல்லாம் மனைவியிடம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "அவங்கள்ளாம் பிரஸ்ஸுக்குப் பணம் கட்டினாங்களா?" என்றாள்.

ஒரு சனிக்கிழமை வயலினைத் தூக்கிக்கொண்டு மயிலாப்பூர் போனேன். கடைக்காரர் பெரியவர். பெட்டியைத் திறந்து, தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, "கொஞ்சம் வாசிங்க. நாதம் எப்படின்னு பாக்கணும்" என்றார்.

கடைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் முட்டுக்கொடுத்து, மோகனம் வாசித்தேன். நன்றாக வந்தது என்று எழுத ஆசை. வரவில்லை. மேல் ஷட்ஜத்தில் வழக்கம்போல் வழுக்கினேன்.

"எத்தனை வருஷமா வாசிக்கிறீங்க?"

"பதினொண்ணு."

"கச்சேரி?"

"இல்லீங்க."

"பாடம் சொல்லித் தர்றீங்களா?"

"இல்லீங்க."

"பின்ன எதுக்கு வாசிச்சீங்க?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

நாவல் எதற்கு எழுதுகிறாய் என்று கேட்டிருந்தால் என்னிடம் ஒரு டஜன் பதில் தயார். பேர் வரும். பரிசு வரும். யாராவது சினிமாவுக்குக் கேட்பார்கள். ஜனவரியில் புத்தகக் கண்காட்சியில் யாரோ ஒருவர் நிறுத்தி, "நீங்கதானே..?" என்பார். விடியற்காலை 5 மணிக்கு உட்காரும்போது இந்தக் கூட்டமெல்லாம் என்னோடு சேர்ந்து மேஜையில் உட்கார்ந்துகொண்டிருந்தது. அதனால்தான் இரண்டாவது நாவலில் பாதி இடங்களில் யாரையோ பார்த்துப் பல்லைக் காட்டுகிற மாதிரி ஒரு நடை.

வயலினிடம் நான் ஒன்றுமே கேட்டதில்லை. அதுவும் என்னிடம் கேட்டதில்லை. ஒரு நாளில் நான் தப்புப் பண்ணினால் யாருக்கும் நஷ்டமில்லாத நேரம் அந்த அரை மணிதான். (மாடி மாமா நீங்கலாக.) அதை விற்றா இதை அச்சடிப்பது?

"விக்கலீங்க" என்றேன்.

பெரியவர் ஆச்சரியப்படவில்லை. "அப்ப தந்தியை மாத்திட்டுப் போங்க. ரொம்பத் தேஞ்சிருக்கு" என்றார். பணம் வாங்கப் போனவன் பணம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். ஆட்டோவுக்கு வேறு தண்டம்.

அன்றைக்குப் பிறகு சில மாறுதல்கள். என்னைப் போல ஆபீஸ் போய்க்கொண்டே கவிதையோ கிடாரோ கையில் வைத்திருக்கும் தம்பிகள் குறித்துக்கொள்ளலாம்.

ஒன்று, காலையில் நாவல் மட்டும். ஒன்றேகால் மணி நேரம். என் வாத்தியார் அடிக்கடி சொல்வார்: "மூட் வந்தா வாசிக்கிறவன் ரசிகன். வராட்டியும் வாசிக்கிறவன்தான் மாணவன்." பதினோரு வருஷமாக மூட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாயாமாளவகௌளையில் சரளி வரிசையை மூன்று காலத்திலும் வாசித்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுகிறேன். நாவலுக்கு மட்டும் 'இன்னிக்கு வரல' என்று எழுந்து போய்க்கொண்டிருந்தேன். இப்போது வந்தாலும் வராவிட்டாலும் 300 வார்த்தை.

இரண்டு, வயலின் 20 நிமிஷம்தான். ராத்திரி 9 மணிக்கு அல்ல, 8 மணிக்கு. குதிரை மேல் ரப்பர் ம்யூட் மாட்டிக்கொண்டு.

மூன்று, ஞாயிறு மத்தியானம் வரை இரண்டும் கிடையாது. அது வீட்டுக்கு. காய்கறி வாங்கப் போகிறேன்.

நான்கு, 200 இல்லை. முதலில் சிநேகிதர்களிடம் சொல்லி முன்பணம் வாங்கினேன். 38 பேர் கொடுத்தார்கள். 40 காப்பி அடித்தேன். அந்தப் பல்லிளிக்கிற பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திருப்பி எழுதியதால் நாலு மாதம் தாமதம். கட்டிலுக்கு அடியில் புதிதாக ஒன்றும் சேரவில்லை.

முன்பணம் கொடுத்தவர்களில் மாடி வீட்டு மாமாவும் ஒருவர். 250 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். புத்தகம் கைக்குப் போய் ஒரு வாரம் சத்தமே இல்லை. எட்டாம் நாள் படிக்கட்டில் பார்த்தேன். மனசு திக்திக்கென்றது.

"மாமா, நாவல் படிச்சேளா?"

"முழுசா படிச்சேம்ப்பா."

"எப்படி?"

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோளில் கை வைத்தார்.

"நீ வயலினே வாசி."

அன்று ராத்திரி 25 நிமிஷம் வாசித்தேன்.