சேவை செய்கிறவரிடம் கணக்குக் கேட்கலாமா?

ஊருக்கு ஊர் இப்போது இப்படி ஓர் இடம் இருக்கிறது. சனி, ஞாயிறு சாயங்காலமானால் கல்யாண மண்டபத்தின் பின்பக்கத்திலோ, கோயில் திடலிலோ, யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியிலோ முப்பது, நாற்பது பிள்ளைகள் கூடிவிடுகிறார்கள். ஓரிடத்தில் பறை, இன்னோரிடத்தில் சிலம்பம், வேறோர் ஊரில் ஓவியமும் நாடகமும். கட்டணம் இல்லை, இருந்தாலும் பேருக்குத்தான். கலையில் ஊறிய ஒருவர், அவருக்குத் தோள் கொடுக்க இரண்டு நண்பர்கள். அவ்வளவுதான் மொத்த அமைப்பும்.

இப்படிப்பட்டவர்களைப் பாராட்ட நிறையப் பேர் இருக்கிறார்கள். பாராட்டவும் வேண்டும். ஆனால் அந்த இடத்தை யார் நிர்வகிக்கிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. ‘பாவம், சொந்தக் காசைப் போட்டு நடத்துறார், அவர்கிட்ட போய் கணக்குக் கேட்கிறதா?’ என்று நமக்கே கூச்சமாக இருக்கிறது.

அந்தக் கூச்சத்தை விட வேண்டும் என்பதுதான் இந்த வாரம் நான் சொல்ல வந்தது. காரணம், இந்த வகுப்புகள் பெரும்பாலும் சத்தமில்லாமல் நின்றுவிடுகின்றன. சொல்லிக் கொடுப்பவருக்கு உடம்பு முடியாமல் போகும், வேலை மாற்றல் வரும், உதவி செய்துகொண்டிருந்த ஒரே ஒரு கடைக்காரருக்கு வியாபாரம் படுத்துவிடும். ‘அடுத்த வாரம் வகுப்பு இல்லை’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். பிறகு அடுத்த வாரமே வராது. மூன்று வருஷம் பழகிய பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

ஆகவே இரண்டு கேள்விகள். அவர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அந்தப் பணம் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

அவர் இல்லாவிட்டால்?

முதலில் பதிவு. நம் ஊரில் இதற்கு மூன்று வழிகள் உண்டு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் சங்கமாகப் பதிவு செய்யலாம். குறைந்தது ஏழு பேர் வேண்டும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, மறுபடி தேர்ந்தெடுக்கலாம். ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, கணக்கை வைத்து, பதிவாளருக்கும் அனுப்ப வேண்டும். இரண்டாவது வழி, அறக்கட்டளை. பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது. மூன்றாவது, கம்பெனிகள் சட்டம் 2013-இன் 8-ஆம் பிரிவின்படி லாப நோக்கமற்ற நிறுவனம். இதில் விதிகளும் அதிகம், செலவும் அதிகம்.

பெரும்பாலானவர்கள் அறக்கட்டளையையே தேர்ந்தெடுக்கிறார்கள், சுலபம் என்பதால். அதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். யார் அறங்காவலர், எத்தனை வருஷம், எப்படி மாற்றுவது என்பதெல்லாம் பத்திரத்தில் எழுதியபடிதான். பத்திரத்தில் எழுதாவிட்டால் பின்னால் சிக்கல். கணவர் தலைவர், மனைவி செயலாளர், மைத்துனர் பொருளாளர் என்று எழுதிவிட்டால், அது குடும்பத்துக்குள் நடக்கும் பேச்சாகவே முடிந்துவிடும். எதிர்க்கேள்வி கேட்க ஆளே இருக்காது.

நல்ல குழு என்றால் பெரிய மனிதர்களின் பட்டியல் என்று நினைக்க வேண்டாம். அழைப்பிதழில் பேர் போட டாக்டரும் தொழிலதிபரும் கிடைப்பார்கள். கூட்டத்துக்கு வர மாட்டார்கள். ஐந்தாறு பேர் போதும். கணக்குத் தெரிந்த ஒருவர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். பெற்றோரில் ஒருவர், முடிந்தால் ஓர் அம்மா. இதே வகுப்பில் பழகி வளர்ந்து, இப்போது 18 வயதைத் தாண்டிய ஒருவர். சொல்லிக் கொடுப்பவரும் இருக்கலாம். ஆனால் பணப்பெட்டிச் சாவி அவரிடம் இருக்க வேண்டாம். வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில், காசோலையில் இரண்டு பேர் கையெழுத்து. தனிப்பட்ட ஜீபே எண்ணுக்கு நன்கொடை வாங்கும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுவது நல்லது.

கலைஞர்களே சேர்ந்து அமைப்பு கட்டிய உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. காஞ்சிபுரம் வட்டாரத்தில் கட்டைக்கூத்துக் கலைஞர்கள் 1990-ல் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். தனித்தனிக் குழுக்களாக ஆடியவர்கள் ஒரே அமைப்பாகக் கூடியதால்தான், 2002-ல் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பையும் கூத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கும் குருகுலம் ஒன்றைத் தொடங்க முடிந்தது. பெண் பிள்ளைகளும் கூத்து கற்றார்கள்.

இன்னொரு உதாரணம் எல்லோருக்கும் தெரிந்தது. ருக்மிணி தேவி அருண்டேல் 1936-ல் தொடங்கிய கலாக்ஷேத்ரா. அவர் 1986-ல் மறைந்தார். சில வருடங்கள் கழித்து, 1993-ல் நாடாளுமன்றம் அதற்கென்றே தனிச் சட்டம் இயற்றி, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்று அறிவித்தது. உங்கள் தெரு பறை வகுப்புக்காக நாடாளுமன்றம் கூடாது. ‘எனக்குப் பிறகு யார்?’ என்பதை நிறுவனர் நன்றாக இருக்கும்போதே குழுவில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டியதுதான்.

அந்தப் பணம் இல்லாவிட்டால்?

வெனிசுவேலாவில் ‘எல் சிஸ்டெமா’ என்று ஓர் இசைத் திட்டம். ஹோசே அந்தோனியோ அப்ரேயு என்ற இசைக்கலைஞர் 1975-ல் கராகஸ் நகரில் ஒரு சிறு குழுவோடு ஆரம்பித்தது. அவர் பொருளாதாரமும் படித்தவர். ஏழைப் பிள்ளைகள் கையில் வயலினைக் கொடுத்து, சேர்ந்து வாசிக்க வைத்தார். பல லட்சம் பிள்ளைகள் பழகிய, உலகமே திரும்பிப் பார்த்த திட்டம். பெரும் பணம் அரசாங்கத்திடமிருந்து வந்தது. அப்ரேயுவின் சாமர்த்தியம், ஆட்சிகள் மாறினாலும் பணம் நிற்காமல் பார்த்துக்கொண்டது.

ஆனால் 2017-ல், அதே திட்டத்தில் வளர்ந்து உலகப் புகழ் பெற்ற இசை நடத்துனர் குஸ்தாவோ டுடமெல் அரசை வெளிப்படையாக விமர்சித்து எழுதினார். அடுத்த சில வாரங்களில், அவர் தலைமையில் தேசிய இளையோர் இசைக்குழு போகவிருந்த அமெரிக்கப் பயணம் ரத்தானது. பெட்டி கட்டக் காத்திருந்தவர்கள் இளம் பிள்ளைகள். பணம் ஒரே கையிலிருந்து வந்தால், அந்தக் கை மூடும்போது எல்லாம் மூடும். கொடுப்பவர் அரசாங்கமாக இருந்தாலும் உள்ளூர் ஜவுளிக்கடைக்காரராக இருந்தாலும் இதே கதைதான்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 40 பிள்ளைகள், மாதம் எட்டு வகுப்பு.

ஆசிரியர் இருவருக்கு தலா 6,000 ரூபாய் – 12,000
இட வாடகை, மின்சாரம் – 4,000
சுண்டல், டீ (ஒரு பிள்ளைக்கு, ஒரு வகுப்புக்கு 10 ரூபாய்) – 3,200
கருவி பழுது பார்ப்பு – 1,500
தணிக்கையாளர் கட்டணம், ஜெராக்ஸ், போக்குவரத்து – 1,300

மொத்தம் மாதம் 22,000 ரூபாய். ஒரு பிள்ளைக்கு 550 ரூபாய். உங்கள் ஊரில் தொகை கூடலாம், குறையலாம். ஆனால் இந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும்.

‘நான் சம்பளம் வாங்குவதில்லையே’ என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. அவர்கள் மனசு பெரிது. இருந்தாலும் அந்த 6,000 ரூபாயைக் கணக்கில் எழுதிவிடுங்கள். வேண்டுமானால் வாங்கிக்கொண்டு நன்கொடையாகத் திருப்பிக் கொடுக்கட்டும். எழுதாவிட்டால், வகுப்பு நடத்த ஆகும் உண்மையான செலவு யாருக்கும் தெரியாது. நாளைக்கு அவரால் முடியாமல் போய், வேறோர் ஆசிரியரை அழைக்கும்போது கொடுக்கப் பணம் இருக்காது.

வரவு எப்படி? கொடுக்க முடிந்த பெற்றோரும் முடியாத பெற்றோரும் சேர்ந்து சராசரியாக 100 ரூபாய் என்றால் 4,000. மாதம் 200 ரூபாய் தரும் 60 பேரைப் பிடித்தால் 12,000. மீதி 6,000, வருஷத்துக்கு 72,000. இதற்கு ஆண்டு விழா மலர் விளம்பரம், உள்ளூர் நிறுவனம் என்று போகலாம். 200 ரூபாய்க்காரர் ஐந்து பேர் நின்றாலும் வகுப்பு நிற்காது. ஆண்டு விழாப் பந்தலுக்கும் பிளக்ஸுக்கும் கொடுப்பவர்கள் வாடகைக்குக் கொடுக்கத் தயங்குவார்கள், அதில் அவர்கள் பெயர் தெரியாது என்பதால். எனவே வாடகைக்கும் சம்பளத்துக்கும் சிறு தொகைகளையே நம்புங்கள். மூன்று மாதச் செலவு, அதாவது 66,000 ரூபாய், கையிருப்பாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரட்டும்.

பணம் வாங்கும்போது

வருமான வரித் துறையில் பதிவு பெறுங்கள். 12ஏ, 80ஜி என்று நாம் சொல்லிப் பழகியவை இவை. நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைப்பது இதனால்தான். பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அந்தச் சலுகை இல்லை. எவ்வளவு சிறிய தொகையானாலும் ரசீது கொடுங்கள்.

பெரிய கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சிஎஸ்ஆர் என்பது இதுதான். மரபுக் கலைகளை வளர்ப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் இதுபோன்ற வேலையில் மூன்றாண்டு அனுபவம், வருமான வரிப் பதிவு, சிஎஸ்ஆர் பதிவு எண் எல்லாம் கேட்பார்கள். முதல் வருஷத்திலிருந்தே கணக்கு ஒழுங்காக இருந்தால்தான் அந்தக் கதவைத் தட்ட முடியும்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் பணம் அனுப்புகிறேன் என்றால் சற்று நிதானியுங்கள். இந்தியக் குடியுரிமையோடு சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்ப்பவர் தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் பிரச்னை இல்லை. அவர் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றிருந்தால், அது வெளிநாட்டு நன்கொடை. மத்திய உள்துறை அமைச்சகத்தின் எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ‘நம்ம அண்ணன்தானே’ என்பதைச் சட்டம் கேட்காது.

பணத்தைவிட முக்கியம்

பிள்ளைகளின் பாதுகாப்பும் நிர்வாகக் குழுவின் பொறுப்புதான். வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். வெளியூர் நிகழ்ச்சிக்குப் போனால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். பெண் பிள்ளைகளோடு பெண் பொறுப்பாளர் ஒருவர் போக வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும். புகார் வந்தால் ‘நமக்குள்ளேயே பேசித் தீர்ப்போம்’ என்பது கூடவே கூடாது. போக்சோ சட்டப்படி, தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது குற்றம். பொறுப்பில் இருப்பவருக்குச் சிறைத் தண்டனை வரை போகும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் பிள்ளை அப்படி ஒரு வகுப்புக்குப் போகிறது என்றால், அடுத்த முறை விட்டுவிட்டு வரும்போது சொல்லிக் கொடுப்பவரிடம் மரியாதையாகவே கேளுங்கள். ‘ஐயா, மாசம் எவ்வளவு செலவாகுது? யார் கணக்குப் பார்க்கிறாங்க? நாங்க ஏதாவது பொறுப்பு எடுத்துக்கலாமா?’ மூன்றாவது கேள்வியையும் சேர்த்துக் கேட்டால் முதல் இரண்டும் குத்தலாகத் தெரியாது. கணக்குத் தெரிந்தவர் என்றால் மாதம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வரவு செலவு எழுதிக் கொடுங்கள். மற்றவர்கள் 200 ரூபாயோடு ஆரம்பிக்கலாம்.

நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேட்கும் முன்பே காட்டிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவு, செலவு, கையிருப்பு என்று மூன்று வரி எழுதி வகுப்பு நடக்கும் இடத்தில் ஒட்டுங்கள். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசும்போது, உங்கள் பெயரைக் காப்பாற்றப் போவது அந்தக் காகிதம்தான். எத்தனையோ வருஷம் சொந்தக் காசைப் போட்டவரைப் பற்றி, ‘என்ன அடிச்சாரோ’ என்று ஒருவர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவதை நானும் கேட்டிருக்கிறேன். எதிரில் நின்று பதில் சொல்ல யாரிடமும் அன்று கணக்கு இல்லை.