சட்டையைக் கேட்டார்கள், சாவைக் கேட்கவில்லை!

திரை விலகுகிறது, தோழர்களே!

ஒளிவெள்ளம் பாயும் அறை. இரண்டு நாற்காலிகள். ஒன்றில் பேட்டி காண்பவர். மற்றொன்றில் ராப் பாடகர்.

"தங்கள் காலணி என்ன விலை?"

"கழுத்துச் சங்கிலி அசல் வைரந்தானா?"

"அடுத்த இசைத் தொகுப்பு எப்போது?"

"உடை நிறுவனத்தோடு ஒப்பந்தம் எவ்வளவுக்கு?"

கேட்பவர் சிரிக்கிறார்; பதில் சொல்பவரும் சிரிக்கிறார். நன்றி, வணக்கம். திரை விழுகிறது.

நான் எழுதிய நாடகம் என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்கப் பேட்டி மேடைகளில் ஆண்டுக்கணக்கில் அரங்கேறிவரும் நாடகம் இது. நம் இளைஞர்களின் கைப்பேசியிலும் நாள்தோறும் ஓடுகிறது.

"இதிலென்ன தவறு? பாடகன் பாட்டைப் பற்றியும் பட்டாடையைப் பற்றியும் பேசக்கூடாதா?" என்று கேட்கத் தோன்றும். பேசலாம், தோழர்களே, தாராளமாகப் பேசலாம்! ஆனால் அந்தப் பாட்டு எந்தத் தெருவில் பிறந்தது, அந்தச் சட்டைக்காக யார் செத்தான் என்பதை மட்டும் கேட்காமல் விடுகிறார்களே, அந்த மௌனத்தைத்தான் நான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறேன்!

எனக்கே அந்த அனுபவம் உண்டு. கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். பட்டம் தராத கல்லூரிக்குப் பதிலாக நாடக மேடை எனக்குப் பாடம் தந்தது. கடனால் மாண்ட குத்தகை உழவனைப் பற்றி ஒரு நாடகம் போட்டேன். முடிந்ததும் இதழாளர் ஒருவர் வந்தார். கடனைப் பற்றிக் கேட்பார், வட்டியைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன். "அந்தக் கிழிந்த வேட்டி தத்ரூபம்! எங்கே பிடித்தீர்கள்?" என்றார். மேடையில் ஒருமுறை செத்த என் உழவன், அந்தக் கேள்வியில் மறுமுறையும் செத்தான்!

இனி அமெரிக்காவுக்கு வாருங்கள்.

நியூயார்க் மாநகரின் பிராங்ஸ் பகுதி. செல்வரின் மோட்டார்கள் விரைந்து செல்ல வேண்டும் என்பதற்காக ஏழைகளின் குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு நெடுஞ்சாலை போட்டார்கள். வசதி படைத்தோர் வெளியேறினர்; வழியற்றோர் தங்கினர். கட்டடங்கள் எரிந்தன, எரிந்தவை எரிந்தபடியே கிடந்தன. அந்தச் சாம்பலின் நடுவே, 1973 ஆகஸ்டு 11-ஆம் நாள், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தின் பொதுக்கூடத்தில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்து இளைஞர் ஒருவர் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். கூல் ஹெர்க் என்பது அவர் பூண்ட பெயர். பள்ளி திறக்குமுன் தங்கைக்குப் புதுத்துணி வாங்கப் பணம் திரட்டுவதற்காக நடந்த விருந்து அது!

கவனித்தீர்களா? துணியும் இந்தப் பாட்டும் தொட்டிலிலேயே இரட்டைப் பிள்ளைகள். அந்தத் துணி பகட்டுக்குப் பிறந்ததா? இல்லை! இல்லாதவன் வீட்டுப் பெண் தலைநிமிர்ந்து பள்ளிக்குப் போகப் பிறந்தது!

1986-இல் ரன்-டி.எம்.சி. குழுவினர் தங்கள் அடிடாஸ் காலணியைப் பற்றிப் பாடினார்கள். நாடாக் கட்டாமல் அவர்கள் அணிந்த கோலத்தில், சிறைக்குள் நாடாவைப் பறித்துக்கொள்ளும் வழக்கத்தின் நிழல் இருந்தது. இத்தகைய காலணி அணிவோர் குற்றவாளிகள் என்று ஏசியோர் உண்டு. அந்த ஏச்சுக்கு விடையாக எழுந்ததே அப்பாட்டு. மேடிசன் சதுக்க அரங்கில் ஆயிரக்கணக்கானோர் காலணியைக் கழற்றி உயர்த்திப் பிடித்தனர். பார்த்தது நிறுவனம், படித்தது கணக்கை! ஒப்பந்தம் பிறந்தது. அன்று முதல் பேட்டியாளருக்கு ஒப்பந்தம் நினைவிருக்கிறது, ஏச்சு மறந்துவிட்டது.

ஹார்லெமின் 125-ஆம் தெருவுக்கு வாருங்கள். டேப்பர் டான் என்ற தையற்கலைஞர் 1982-இல் அங்கே கடை திறந்தார். ஐரோப்பியச் சீமான்களின் முத்திரைகளைத் தோலில் பதித்து, அந்தச் சீமான்கள் கனவிலும் காணாத உடைகளைத் தைத்தார். ராப் பாடகர்கள் வரிசையில் நின்றனர். "எங்கள் முத்திரை! எங்கள் உரிமை!" என்று வந்தது வழக்கு, வந்தது சோதனை, 1992-இல் கடை மூடப்பட்டது. கால் நூற்றாண்டு கழிந்தது. 2017-இல் இத்தாலியின் குச்சி நிறுவனம் ஒரு மேற்சட்டையைக் காட்சிக்கு வைத்தது. டேப்பர் டான் 1980-களில் தைத்த சட்டையின் அச்சு அசல்! ஊர் சிரித்த பிறகே அவரோடு கைகுலுக்கி, 2018-இல் ஹார்லெமில் அவருக்குத் தையற்கூடம் அமைத்துக் கொடுத்தார்கள்.

ஏழை எடுத்தால் திருட்டு. சீமான் எடுத்தால் மரியாதை! இந்த நீதியைப் பற்றி எந்தப் பேட்டியில் கேட்டார்கள்? "அந்தச் சட்டை இன்று என்ன விலை போகும்?" என்றுதானே கேட்பார்கள்!

சட்டைக்கு வேறு விலையும் உண்டு, தோழர்களே. 2012 பிப்ரவரி 26. புளோரிடா மாநிலத்தின் சான்ஃபோர்டு. கடைக்குப் போய்த் திரும்பிய பதினேழு வயதுக் கறுப்பினச் சிறுவன் டிரேவான் மார்ட்டின் சுட்டுக் கொல்லப்பட்டான். கையில் இருந்தது ஆயுதமா? இல்லை, மிட்டாயும் பானமும்! அணிந்திருந்தது ஹூடி என்னும் தலைமூடிச் சட்டை. சுட்டவனைப் போலவே அந்தச் சட்டையும் பொறுப்பு என்று தொலைக்காட்சியில் பேசவும் ஓர் ஆள் இருந்தார்; பின்னர் மன்னிப்பும் கேட்டார். சுட்டவர் 2013-இல் விடுதலையானார். சட்டை மட்டும் விடுதலை பெறவில்லை! 2012 மார்ச் 28-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் பாபி ரஷ் என்ற உறுப்பினர், கோட்டைக் கழற்றி ஹூடியைத் தலைமேல் இழுத்துவிட்டுப் பேசினார். அவை விதியைக் காட்டி வெளியேற்றினார்கள். ஒரு சிறுவனின் உயிரைக் காக்காத நாட்டில், அவையின் மரபு மட்டும் கண்போலக் காக்கப்பட்டது!

இத்தனையும் அயலார் கதை என்று எண்ணுகிறீர்களா? நம் வீட்டுப் பெண்ணுக்கும் இதுதான் நேர்ந்தது.

மாதங்கி அருள்பிரகாசம், உலகம் அறிந்த எம்.ஐ.ஏ. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, அகதியாய் லண்டன் திரும்பியவர். 2009 பிப்ரவரி 8-இல் கிராமி விழா மேடையில், பேறுகாலம் குறிக்கப்பட்ட அதே நாளில், நிறைவயிற்றோடு பாடினார். மறுநாள் ஏடுகள் எதைப் பேசின? கறுப்பு வெள்ளைப் பொட்டிட்ட அந்த மெல்லிய ஆடையைப் பேசின! அந்தப் பிப்ரவரியில்தான் வன்னியில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை மீது குண்டுகள் விழுந்தன. அவ்வாண்டு மே மாதத்தில் முடிந்த அந்தப் போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 குடிமக்கள் வரை மாண்டிருக்கலாம் என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011-இல் எழுதியது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்தப் பெண் வலியச் சொன்னார், கேட்டவர் சிலர். வயிற்றைப் பார்த்தவர் பலர். வன்னியைப் பார்த்தவர் எத்தனை பேர்?

2010-இல் நியூயார்க் டைம்ஸ் ஞாயிறு இதழ் அவரைப் பேட்டி கண்டது. புரட்சி பேசுகிறவர் விலையுயர்ந்த உருளைக்கிழங்கு வறுவல் தின்கிறார் என்று நையாண்டி தொனிக்க எழுதினார்கள். எம்.ஐ.ஏ. ஒலிப்பதிவை வெளியிட்டார், அந்த வறுவலைப் பரிந்துரைத்ததே பேட்டியாளர்தான் என்பது உலகின் காதில் விழுந்தது! வெவ்வேறு இடத்துப் பேச்சை ஒட்டிவிட்டோம் என்று இதழும் குறிப்பு எழுதிற்று. வறுவலுக்கு இருந்த இடம் வன்னிக்கு இல்லை!

பின்னாளில் தடுப்பூசி பற்றி அவர் பேசியதை நான் ஏற்கவில்லை, ஏற்கவும் மாட்டேன். ஆனால், பின்னால் பிழைபடப் பேசியதால் முன்னால் சொன்ன உண்மை பொய்யாகிவிடாது.

"அந்தப் பாடகர்களே பகட்டை விரும்புகிறார்களே!" என்பார் உண்டு. உண்மை, விரும்புகிறவர் பலர். பெண்ணை இழித்தும் பணத்தைத் துதித்தும் பாடுவோரும் உண்டு. அதையும் கேளுங்கள்! முகத்துக்கு நேரே கேளுங்கள்! சங்கிலியை மெச்சிவிட்டு வருவதா கேள்வி?

இன்னொரு கொடுமை பாருங்கள். பேட்டியறையில் பொருள் கேட்கப்படாத அதே வரி, வழக்குமன்றத்தில் வாக்குமூலம் ஆகிறது! நாடகத்தில் கொலை எழுதிய என்னைக் கொலைகாரன் என்பாரா? ராப் எழுதியவனை மட்டும் அவன் பாட்டைக் காட்டியே குற்றஞ்சாட்டுகிறார்கள். அதனால்தான் கலிபோர்னியா மாநிலம் 2022-இல், கலைப்படைப்பைச் சான்றாக்குவதைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. விற்பனைக்கு வந்தால் பொழுதுபோக்கு. விசாரணைக்கு வந்தால் ஒப்புதல்! இரண்டு இடத்திலும் அவன் சொல்லை யாரும் சொல்லாக மதிக்கவில்லை.

தோழர்களே! நம் ஊரிலும் கானா பாடும் தம்பி உண்டு. பறை முழக்கும் தங்கை உண்டு. ராப் பாடும் இளைஞரும் உண்டு. கூட்டத்துக்கு அழைக்கிறோம், தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம், "சட்டை நன்றாக இருக்கிறதே, தம்பி!" என்று தட்டிக்கொடுக்கிறோம். மூன்றே கேள்விகளை நாமாவது கேட்போம்: உன் தெருவில் என்ன நடந்தது? உன் பாட்டின் வருவாய் யார் கைக்குப் போகிறது? உன் சட்டையைப் பார்த்து உன்னைத் தடுத்து நிறுத்தியவர் யார்?

கேட்டுவிட்டு, அவன் பேசி முடிக்கும்வரை வாய்மூடி இருப்போம். படம் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.