மெடல் யாருக்கு?

புதிய நிலங்களையும் கடல்களையும் உயிரைத் திரணமாக மதித்துத் தேடிச் சென்று, மனிதனுடைய அறிவை விருத்தி செய்தவர்களுக்குத் தங்க மெடல் கொடுத்துக் கௌரவிப்பது நல்ல வழக்கமேயாகும். ஆனால், அந்த மெடல் செய்த காரியத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுகின்றதா, அல்லது செய்தவனின் தோலைப் பார்த்துக் கொடுக்கப்படுகின்றதா என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் 1888-ல் ஏற்பட்ட நேஷனல் ஜியாகிரபிக் சங்கத்தார் ஹப்பர்ட் மெடல் என்பதாக ஒன்றை வழங்கி வருகின்றார்கள். அதை 1906-ல் முதன்முதலாகப் பெற்றவர் ராபர்ட் பியரி. 1909 ஏப்ரலில் அவர் வட துருவத்தை நாடிச் சென்றபோது கடைசிவரை கூடச் சென்றவர்கள் ஐவர். நால்வர் அப்பனிநாட்டு இன்யூட் மக்கள். ஐந்தாமவர் மாத்யூ ஹென்சன் என்னும் கருப்பர். இவர் 1887 முதல் பியரியோடு உழைத்தவர்; பனிவண்டி கட்டவும், நாய் பூட்டி ஓட்டவும், இன்யூட் பாஷை பேசவும் கற்றவர். கப்பல் தலைவரான பார்ட்லெட் என்னும் வெள்ளையரோ, ஏறக்குறைய 88-வது டிகிரியில் திருப்பி அனுப்பப்பட்டவர்.

நடந்தது என்ன? வழியில் திரும்பியவருக்கு 1909-லேயே ஹப்பர்ட் மெடல் கிடைத்தது. கடைசிவரை போனவருக்கு 1913-ல் நியூயார்க் சுங்க இலாகாவில் ஒரு சாதாரண உத்தியோகம் கிடைத்தது! பயணக் குழுவினருக்காக அமெரிக்கக் காங்கிரஸ் 1944-ல் ஏற்படுத்திய மெடலில் அவருக்கும் பங்கு வந்தது. 1955-ல் அவர் மாண்டார். ஹப்பர்ட் மெடல் 2000-ல்தான் அவர் பேருக்கு வந்தது.

அவர்கள் நின்ற இடம் துருவந்தானா என்பதில் இன்றும் விவகாரம் உண்டே என்று சிலர் சமாதானம் சொல்லலாம். விவகாரம் உண்டு என்பது மெய்தான். ஆனால் அது பியரியின் அளவுக் கணக்கைப் பற்றியது. 88-வது டிகிரிக்குச் சற்று முன்பே நின்றவருக்கு மெடல் தகும் என்றால், அதையும் தாண்டி நடந்தவருக்கு ஏன் தகாது? இதற்குத் தோலைத் தவிர வேறு காரணம் காட்ட முடியுமா என்று கேட்கின்றோம்.

நிற்க, ஊட்டா, எகிங்வா, சீக்லூ, ஊக்கேயா என்னும் அந்த நான்கு இன்யூட் தோழர்களின் பெயரையாவது எத்தனை பேர் அறிவார்கள்? அவர்களுடைய நாயும் வண்டியும் தோலுடையும் இல்லாமல் எந்தத் துரை அங்கே ஒரு வாரம் பிழைத்திருப்பார்?

ஆகவே, மெடல் கொடுக்கும் சங்கங்கள் இன்ன காரியத்துக்காக என்று வெளிப்படையாக எழுதி, அதே காரியத்தைச் செய்த அத்தனை பேருக்கும், அவர்கள் உயிரோடிருக்கும்போதே கொடுக்க வேண்டும். பசித்தபோது சோறு போடாமல், செத்தபிறகு வாய்க்கரிசி போடுவது மரியாதையாகாது.