அறைக்கேற்ற மின்விசிறி

திருவனந்தபுரத்தில் மின்விசிறி வாங்குவோர் பலர் விலையையும் வண்ணத்தையுமே நோக்குகின்றனர். விசிறி அறையின் வெப்பத்தைக் குறைப்பதில்லை. வியர்வையை உலர்த்தி உடலைக் குளிர்விக்கிறது. ஈரப்பதம் மிகுந்த இக்கடலோர நகரில் வியர்வை எளிதில் உலராது. ஆகவே, ஒரு வாட் மின்சாரத்திற்கு எவ்வளவு காற்று கிடைக்கிறது என்பதே கேட்கத்தக்க வினா. 2023 முதல் கட்டாயமாக்கப்பட்ட நட்சத்திரக் குறியீடு இதனை அடிப்படையாகக் கொண்டதே. பழைய விசிறி சுமார் 75 வாட் கொள்ளும்; கடைகளில் பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை ஏறத்தாழ 30 வாட்டே கொள்ளும். நாளொன்றுக்கு 10 மணி நேரம் ஓடினால் ஆண்டில் 160 யூனிட்டுக்கு மேல் மிச்சமாகும்.

நீண்ட வகுப்பறைக்கு நடுவே ஒரு விசிறி போதாது. 1,200 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டு வேண்டும். கடைசி வரிசை மாணவனுக்கும் வியர்க்குமன்றோ! சாளரங்களை அடைத்துவிட்டு விசிறியைக் குறைகூறுவோர், இந்நகரின் வளர்ச்சி ஆய்வு மையத்தில் லாரி பேக்கர் அமைத்த துளைச்செங்கற் சுவர்களைக் கண்டுவருதல் நலம்.