விலைப்போரில் வென்றது யார்?

போட்டி இருந்தால் விலை குறையும், விலை குறைந்தால் மக்கள் பயன்பெறுவர், ஆகவே அரசு ஒதுங்கி நிற்கட்டும்: இந்த மந்திரத்தை வணிக நாளேடுகள் சலிக்காமல் ஓதிவருகின்றன. தொலைபேசிக்கும் விமானத்துக்கும் மின்சாரத்துக்கும் ஓதப்பட்டது, இப்போது செயற்கை நுண்ணறிவுக்கான கணினிச் சில்லுகளுக்கும் ஓதப்படுகிறது. என்விடியா மிகை விலை கேட்டால் ஏஎம்டி இருக்கிறது, அதுவும் போதாதென்றால் இன்டெல் வருகிறது, சந்தை தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் என்கிறார்கள். இவ்வாதத்தைச் சோதிக்கக் கற்பனை தேவையில்லை. இதே நிறுவனங்கள் நடத்திய உண்மையான விலைப்போர் ஒன்று உண்டு. அதன் இலாப நட்டக் கணக்கும் அந்நிறுவனங்களாலேயே வெளியிடப்பட்டிருக்கிறது.

கணினித் திரையில் காட்சிகளைத் தீட்டும் வரைகலை அட்டைகளின், அதாவது கிராபிக்ஸ் கார்டுகளின், சந்தையில் 2008 ஜூன் மாதம் என்விடியா இரண்டு புதிய அட்டைகளை இறக்கியது. ஜிடிஎக்ஸ் 280 அட்டைக்கு 649 டாலர், ஜிடிஎக்ஸ் 260 அட்டைக்கு 399 டாலர். அதே மாதத்தில் ஏஎம்டி தனது ரேடியான் 4870 அட்டையை 299 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. செயல்திறனில் அது என்விடியாவின் 399 டாலர் அட்டைக்கு நிகராக நின்றது. சில வாரங்களில் என்விடியா பணிந்தது. 649 டாலர் 499 ஆயிற்று, 399 டாலர் 299 ஆயிற்று.

ஏஎம்டியின் முதலாளிகள் தயாள குணம் படைத்தவர்கள் என்பதால் இது நடக்கவில்லை. இரு நிறுவனங்களுக்கும் அன்று சொந்தத்தில் வரைகலைச் சில்லு வார்க்கும் ஆலை கிடையாது. இரண்டுமே தைவானின் டிஎஸ்எம்சி ஆலைகளில்தான் சில்லுகளைச் செய்து வாங்கின. என்விடியாவின் சில்லு 576 சதுர மில்லிமீட்டர் பரப்புடையது, ஏஎம்டியின் சில்லு 256 சதுர மில்லிமீட்டர். முப்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிலிக்கான் வில்லையில் முன்னது நூறுகூடத் தேறாது, பின்னது இருநூறுக்கு மேல் தேறும். சில்லு பெரிதாகப் பெரிதாகப் பழுதாகும் வாய்ப்பும் கூடும். ஒரே ஆலையின் உழைப்பிலும் எந்திரத்திலும் ஒருவருக்கு இரு மடங்குக்கும் மேற்பட்ட பண்டம் கிடைத்தது. பண்டத்தில் அடங்கிய உழைப்பு நேரத்தைச் சுருக்கியவர் விலையை ஆயுதமாக்கி மற்றவரை அடிப்பார் என்று மார்க்ஸ் மூலதனத்தில் விளக்கியது மான்செஸ்டர் பஞ்சாலைகளுக்கு மட்டும் உரியதன்று.

இலாபம் என்ன ஆயிற்று? 2007 ஜூலையில் முடிந்த காலாண்டில் 17 கோடியே 27 லட்சம் டாலர் நிகர இலாபம் கண்ட என்விடியா, மறு ஆண்டின் அதே காலாண்டில் 12 கோடியே 9 லட்சம் டாலர் நட்டம் காட்டியது. பழுதுபட்ட மடிக்கணினிச் சில்லுகளுக்காக ஒதுக்கிய 19 கோடியே 60 லட்சம் டாலரும் அதில் அடக்கம் என்பது உண்மை. அதை முற்றிலும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் முந்தைய ஆண்டின் இலாபத்தில் பாதிகூட மிஞ்சவில்லை. பின்னர் அமெரிக்க நிதி நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அந்த நிதியாண்டும் அடுத்ததும் நிகர நட்டத்திலேயே முடிந்தன. வென்றதாகச் சொல்லப்பட்ட ஏஎம்டியும் தப்பவில்லை. வரைகலைச் சில்லுகளுக்காகவே 2006இல் கனடாவின் ஏடிஐ நிறுவனத்தை ஏறத்தாழ 540 கோடி டாலர் கொடுத்து வாங்கியிருந்த அது, அந்த முதலீட்டின் மதிப்பையே கணக்குப் புத்தகத்தில் பெருமளவு அடித்தெழுத வேண்டியிருந்தது. தனது ஆலைகளையும் அபுதாபி மூலதனத்தோடு சேர்ந்து தனி நிறுவனமாகக் கழற்றிவிட்டது.

ஆக, போட்டி விலையைக் குறைத்தது, இலாபத்தையும் அரித்தது. இதுவரை வணிக நாளேடுகளின் பாடம் சரி. அவை பாடத்தை இந்தப் பக்கத்தோடு மூடிவிடுகின்றன.

அடுத்த பக்கத்தில் தொழிலாளர் இருக்கிறார்கள். 2008 செப்டம்பரில் என்விடியா சுமார் 360 பேரை, அதாவது ஊழியரில் நூற்றுக்கு ஆறரைப் பேரை, வெளியேற்றுவதாக அறிவித்தது. 2009 ஜனவரியில் ஏஎம்டி 1,100 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்ததோடு எஞ்சியோரின் ஊதியத்தையும் வெட்டியது. சில்லை வாங்கி அட்டையாக்கி விற்கும் சிறு நிறுவனங்கள் நசுங்கின. என்விடியா அட்டைகளுக்குப் பெயர்பெற்ற அமெரிக்காவின் பிஎஃப்ஜி 2010இல் இத்தொழிலை விட்டு விலகி, அதே ஆண்டில் மூடப்பட்டது. 2022இல் இவிஜிஏ என்ற மற்றொரு பெயர்பெற்ற நிறுவனமும் வரைகலை அட்டைத் தொழிலைக் கைவிட்டது. சில்லு முதலாளி மேலிருந்து விலையை நிர்ணயிக்க, அட்டை செய்பவர் கையில் எஞ்சியது மெல்லிய கமிஷன் மட்டுமே. இங்கே பின்னலாடை ஏற்றுமதியாளருக்கும் ஜாப் ஒர்க் பட்டறைக்கும் இடையிலுள்ள உறவை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

இன்னொரு பக்கமும் உண்டு. 1990களின் பிற்பகுதியில் இத்துறையில் எஸ்3, மேட்ராக்ஸ், நம்பர் நைன், ரெண்டிஷன், செங் லாப்ஸ், திரீடிஎஃப்எக்ஸ் என ஒரு கூட்டமே மோதிக்கொண்டிருந்தது. அந்நாளில் அரசனாக விளங்கிய திரீடிஎஃப்எக்ஸின் சொத்துகளை 2000 டிசம்பரில் என்விடியா 7 கோடி டாலர் ரொக்கத்துக்கும் பங்குகளுக்கும் விலைபேசியது. பத்தாண்டுக்குள் களத்தில் எஞ்சியவர் இருவர். எஞ்சிய இருவரும் எப்போதும் மோதிக்கொண்டார்களா? 2006 இறுதியில் இவ்விரு நிறுவனங்களுக்கும் அமெரிக்க நீதித்துறை ஆவணங்கள் கேட்டு அழைப்பாணை அனுப்பியது. தொடர்ந்து நுகர்வோர் தொடுத்த வழக்கில், போட்டியாளர்களாயினும் பொது நோக்கம் உண்டு, சந்தைப்படுத்தலில் சேர்ந்து உழைக்க வேண்டும் என்ற பொருளில் என்விடியா அதிகாரி ஒருவர் ஏடிஐ தலைமைக்கு எழுதிய மின்னஞ்சல் வெளிவந்தது. வழக்கை 2008இல் தலைக்கு எட்டரை லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். அரசுத் தரப்பு யார்மீதும் குற்றம் சாட்டவில்லை.

விலைப்போரிலிருந்து என்விடியா கற்ற பாடம் விலையைக் குறைப்பதன்று, விலைப்போரே நடக்கவியலாத இடத்துக்குக் குடிபெயர்வது. அதற்கான வேலி முன்பே நடப்பட்டிருந்தது. வரைகலைச் சில்லுகளைப் பொதுக் கணக்கீட்டுக்குப் பயன்படுத்த 2006இல் அறிவித்த மென்பொருள் தளத்துக்குக் கூடா என்று பெயர். தமிழ்க் காதுக்கு இப்பெயர் பொருத்தமாகவே ஒலிக்கிறது: அதில் எழுதிய நிரல்கள் மாற்றி எழுதப்படாமல் பிறர் சில்லில் ஓடக் கூடா. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல்லாண்டு உழைத்து எழுதிய நிரல்கள் அத்தளத்தின்மேல் குவிந்தன. பொதுப்பணத்திலும் கூட்டுழைப்பிலும் வளர்ந்த அறிவு, ஒரு தனி நிறுவனத்தின் கோட்டைச் சுவராயிற்று. செயற்கை நுண்ணறிவு அலை எழுந்தபோது வாயில் ஒன்றே ஒன்றுதான் திறந்திருந்தது.

2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் வருவாய் 13,050 கோடி டாலர், நிகர இலாபம் 7,288 கோடி டாலர். நூறு டாலர் விற்பனையில் உற்பத்திச் செலவு போக எஞ்சியது 75 டாலர். விளையாட்டு ரசிகர்களின் அட்டைகள் இவ்வருவாயில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பழைய சந்தையிலும் ஜிடிஎக்ஸ் 280 இருந்த உச்சிப் படியில் 2025இல் 1,999 டாலர் அட்டை உட்கார்ந்திருக்கிறது. ஏஎம்டி அவ்வாண்டு அந்த உச்சிப் படியில் போட்டியிடவே இல்லை. இரண்டாம் இடத்திலிருப்பவருக்கும் தலைவரின் உயர்ந்த விலை ஒரு குடைதான். அதன் நிழலில் சற்றே குறைத்து விற்று வாழலாம். நிழலில் நின்றபடியே 2024 நவம்பரில் ஏஎம்டி தன் ஊழியரில் நூற்றுக்கு நால்வரை வெளியேற்றவும் செய்தது.

இதைப் பார்த்துவிட்டு, ஏகபோகம் வந்ததும் போட்டி செத்துவிட்டது என்று இடதுசாரி நண்பர்கள் சிலர் எழுதுவதும் பிழையே. ஏகபோகம் போட்டியிலிருந்து பிறந்து, அதை ஒழிக்காமல் அதன் மேலும் பக்கத்திலும் நிற்கிறது என்றார் லெனின். கூகுளும் அமேசானும் சொந்தச் சில்லுகளைச் செய்கின்றன. என்விடியாவின் இலாப விகிதம் நாளை சரியலாம். சரிந்தால் அச்சுமை 2008இல் யார் முதுகில் ஏற்றப்பட்டதோ அவர்கள் முதுகிலேயே ஏற்றப்படும். பெங்களூரு, ஐதராபாத், புனே நகரங்களில் இந்நிறுவனங்களின் வடிவமைப்புப் பிரிவுகளில் பல்லாயிரம் இந்தியப் பொறியாளர்கள் வேலை செய்கிறார்கள்.

இந்த நிலையில் மோடி அரசு என்ன செய்கிறது? 2024 மார்ச்சில் இந்தியா ஏஐ இயக்கத்துக்கு ரூ.10,372 கோடி ஒதுக்கி ஒப்புதல் தந்தது. 2025 ஜனவரியில் 18,693 சில்லுகள் கிடைக்குமென அமைச்சர் அறிவித்தார். அவற்றில் பெரும்பகுதி என்விடியாவின் எச்100, ஏஎம்டி சில்லுகள் சொற்பம். சில்லுகளை வைத்து வாடகைக்கு விடுவோர் ஜியோ, டாடா, யோட்டா முதலிய தனியார். வாடகையில் நூற்றுக்கு நாற்பது வரை அரசு மானியம். மணிக்கு அறுபத்தைந்து ரூபாய்க்குக் கணினித்திறன், உலகிலேயே மலிவு என்று தம்பட்டம் அடிக்கப்படுகிறது. மலிவு எதனால்? விலை குறைந்ததாலன்று, வித்தியாசத்தைக் கருவூலம் கட்டுவதால். மானியம் முடியும் நாளில் எந்திரம் அம்பானியிடமும் டாடாவிடமும் இருக்கும், 75 டாலர் மிச்சம் கலிபோர்னியாவிலிருக்கும், ஆய்வு மாணவர் வாடகைக்கு அலைவார்.

வேறு வழி இல்லையென்பது பொய். உயர்திறன் கணினி தர அமெரிக்கா நிபந்தனைகள் விதித்த காலத்தில், 1988இல் பொதுத்துறையில் சி-டாக் தோற்றுவிக்கப்பட்டு, 1991இல் பரம் 8000 இயக்கப்பட்டது. அதன் சில்லுகளும் வெளிநாட்டவைதாம். ஆனால் எந்திரமும் அதை இயக்கும் அறிவும் பொதுச் சொத்தாக இருந்தன. சென்னை ஐஐடியின் சக்தி, சி-டாக்கின் வேகா ஆகிய செயலிகள் எவருடைய உரிமத்துக்கும் கட்டுப்படாத திறந்த கட்டமைப்பில் எழுந்தவை. மக்கள் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு சில்லும் சி-டாக், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் உடைமையாக வேண்டும். மக்கள் பணத்தில் எழுதப்படும் ஒவ்வொரு நிரலும் எந்த நிறுவனத்தின் சில்லிலும் ஓடும்படி எழுதப்பட வேண்டும். தனியாரோடு செய்துகொண்ட வாடகை ஒப்பந்தங்களும் இதுவரை ஒவ்வொருவருக்கும் சென்ற மானியத் தொகையும் நாடாளுமன்றத்தின் மேசையில் வைக்கப்பட வேண்டும்.