கையடக்க லேசர்

பழுதுற்று எறியப்பட்ட டி.வி.டி. ரைட்டர் ஒன்றைப் பிரித்து, அதனுள் உள்ள மிகச் சிறு டையோடைக் கழற்றி, மின்கலங்களோடு ஒரு குழாயில் அமைத்துக் கையடக்க லேசர் செய்து மகிழும் வழக்கம் இளைஞரிடை உண்டு. இதனை வீண் விளையாட்டென்று இகழ்வாரும் உளர். அறவே தடுத்தல் வேண்டுமென்பாரும் உளர். யாம் இவ்விரு சாராரோடும் உடன்படுகிலேம். ஆயினும் அவ்விளைஞர் செய்வதனை அவ்வாறே ஏற்றுக்கொள்ளவும் எம் மனம் இசையவில்லை.

தமிழ் கற்பார்க்கு இதில் என்ன வேலை என வினவுவார்க்கு, இப்பொருளுக்குத் தமிழர் இட்ட பெயரையே விடையாகக் கூறுவேம். சீரொளி என்பது அப்பெயர். விளக்கொளி சந்தைக் கூட்டத்தின் இரைச்சல் போல்வது. அதன் அலைகள் ஒன்றோடொன்று இயையாது எழுவன. லேசரின் அலைகளோ கும்மியடிக்கும் மகளிரின் கைத்தாளம் போல ஓரளவின, ஒரு நடையின. கிளர்ச்சியுற்ற அணுவொன்றை அதற்கேற்ற ஒளித்துகள் அணுகுமாயின், அத்துகளையே ஒத்த மற்றொன்றை அவ்வணு வெளிவிடும் என்று ஐன்ஸ்டைன் 1917-இல் காட்டினார். அக்கருத்து கண்ணுக்குத் தெரியும் கதிராக வெளிப்படப் பல்லாண்டு சென்றது. 1960 மே 16-ஆம் நாள் கலிபோர்னியாவில் தியோடர் மைமன் என்பார் செயற்கை மாணிக்கக் கோலொன்றிலிருந்து முதல் லேசர் ஒளியை எழுப்பினார்.

ஐந்தாண்டு கழியுமுன், 1964 செப்டம்பரில், சயன்டிபிக் அமெரிக்கன் என்னும் இதழ் ஹீலியமும் நியானும் நிறைந்த லேசர்க் குழாயை இல்லத்திலேயே இயற்றும் முறையைத் தன் வாசகர்க்கு எடுத்துரைத்தது. கண்ணாடிக் குழாயும், காற்றை வெளியேற்றும் எந்திரமும், ஆடிகள் இரண்டும், உயர் மின்னழுத்தமும் வேண்டிய வேலை அது. அத்தனை உழைப்பின் பயன் மெல்லிய கதிர் ஒன்றே. அது தீக்குச்சியையும் கொளுத்தாது.

இக்காலத்துச் செய்வோனுக்கு உழைப்பு குறைவு, ஆற்றலோ மிகுதி. எனினும் கற்கத்தக்கது இதனுள்ளும் உண்டு. டையோடை மின்கலத்தோடு நேரே இணைத்தால் அது கெடும். வெப்பம் ஏற ஏற மின்னோட்டம் பெருகி, பெருகிய ஓட்டம் மீண்டும் வெப்பத்தை வளர்க்கும். ஆதலின் ஓட்டத்தை ஓரளவில் நிறுத்தும் சுற்று வேண்டும். எல்.எம். 317 என்னும் சிறு உறுப்பு தன் இரு முனைகளிடை 1.25 வோல்ட்டை மாறாது காக்கும். அம்முனைகளிடை 5 ஓம் தடையை வைப்பின் 250 மில்லியாம்பியர் செல்லும். வகுத்தற் கணக்கொன்று ஒரு பொருளின் உயிரைக் காப்பதைக் கைப்பட அறிந்தவன் ஓமின் விதியை மறவான். விரலிலுள்ள நிலைமின்சாரமே டையோடைக் கொன்றுவிடும். இதனை விளையாட்டென்று இகழ்வார் ஒரு டையோடையேனும் கெடுத்துப் பார்த்தவரல்லர்.

எமது மனத்தாங்கல் வேறிடத்தது. பலூனை வெடிக்கச் செய்தலும் தீக்குச்சியைப் பற்றச் செய்தலுமே இவர்களிடை வெற்றிக்கு அளவுகோலாயின. அவ்வாறு எரிக்கும் கதிர் நூறு, இருநூறு மில்லிவாட் ஆற்றலுடையது. ஒரு மில்லிவாட்டிற்கு மேற்படாத செங்கதிர் கண்ணிற் படின், கால் நொடியில் இமை மூடிக் கண்ணைக் காக்கும். இருநூறு மடங்கு மிக்க கதிருக்கு இமை முந்தாது. கண்ணின் வில்லையே அதனை விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவிக்கும். அங்கு வெந்த இடம் மீளத் தளிர்ப்பதில்லை. நேரே நோக்கினால்தானே தீங்கு என்பர். எவர்சில்வர்த் தம்ளரும் கைக்கடிகாரக் கண்ணாடியும் கதிரைத் திருப்பிவிடும் என்பதை அன்னார் எண்ணிலர். எரிகோ வழியருகே இரந்துண்டு வாழ்ந்த பர்திமேயு, யாது வேண்டுமென்று வினவப்பட்டபோது பொன்னைக் கேட்டானல்லன், பார்வையையே கேட்டான்.

கையடக்கமாயிருத்தலே இதிற் கொடிது. மேசையில் திருகி நிறுத்திய லேசரின் கதிர் எங்கே சென்று முடியும் என்பதை முன்னரே வகுக்கலாம். கரிய தடுப்பொன்று போதும். கையிலுள்ளதன் கதிர் கை திரும்பும் இடமெல்லாம் திரும்பும், மொட்டைமாடிக்கும் ஏறும். வானூர்தியின்மீது லேசரைச் செலுத்துதல் அமெரிக்க நாட்டில் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனிக் குற்றமாக்கப்பட்டது.

எரிப்பதைவிட அளப்பது இனிது. ஒரு மில்லிவாட் கதிரின் குறுக்கே தலைமயிர் ஒன்றைப் பிடித்து, இரண்டு மீட்டர் அப்பாலுள்ள சுவரை நோக்குக. கருங்கோடுகள் வரிசையாகத் தோன்றும். 650 நானோமீட்டர் செவ்வொளியில் அக்கோடுகள் 18.5 மில்லிமீட்டர் இடைவிட்டு நிற்குமாயின், மயிரின் பருமன் 0.07 மில்லிமீட்டர். பள்ளிச் சிறுவனின் அளவுகோலே இதற்குப் போதும்.

ஆதலின் கல்லூரிப் பௌதிகக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு மேசையை இம்முயற்சியாளர்க்கு ஒதுக்குமாறு ஆசிரியர்களை வேண்டுகின்றேம். கதிரின் நிறத்திற்கேற்ற காப்புக் கண்ணாடி அங்கிருத்தல் வேண்டும். வெயிலுக்கு அணியும் கருங்கண்ணாடி பயன்படாது. ஆற்றலை அளக்கும் கருவியும் ஒன்று வேண்டும். தமிழ் வகுப்பினின்று முதலில் வருவோர் யாமே. தடை விதித்தால் முயற்சி நில்லாது. விடுதி அறையிற் கதவைத் தாழிட்டு நடக்கும். அங்கே காப்புக் கண்ணாடி இராது. அளக்கும் கருவியும் இராது. எதிர்ச்சுவரில் முகம் பார்க்கும் ஆடி மட்டும் தொங்கும்.