நம் பெயரில் போகும் எண்ணெய்

ஜொகூரின் மின்யாக் பெக்கு படகுத்துறையில் சாயங்காலம் போய் நிற்பவர்களுக்குக் கப்பல் எண்ணும் பழக்கம் தானாக வந்துவிடும். தொடுவானத்தில் வரிசை அறுவதே இல்லை. இருட்டிவிட்டால் விளக்குகள் மட்டும் ஊர்ந்துகொண்டிருக்கும். அந்த ஊர்ப் பெயருக்கு மலாயில் உறைந்த எண்ணெய் என்று பொருள். ஆனால் எதிரே மலாக்கா நீரிணையில் நாள்தோறும் 2 கோடிப் பீப்பாய்க்கு மேல் உறையாத எண்ணெய் போகிறது. பாரசீக வளைகுடாவிலிருந்து சீனாவுக்குப் போகும் எண்ணெயில் பெரும்பகுதி அதில்தான்.

1993 வரை சீனாவுக்குத் தன் கிணற்று எண்ணெயே போதுமானதாக இருந்தது. இன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.1 கோடிப் பீப்பாய் கச்சா எண்ணெயை வெளியிலிருந்து வாங்குகிறது. இந்த ஒடுக்கமான நீர்வழியை யாராவது அடைத்துவிட்டால் என்ன ஆவது என்று 2003-இலேயே அன்றைய சீன அதிபர் ஹூ ஜிந்தாவ் கவலைப்பட்டார். அதற்கு 'மலாக்கா இக்கட்டு' என்றே பெயர் விழுந்தது. அப்புறம் எத்தனையோ ஏற்பாடுகள்: கஸகஸ்தானிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் குழாய்கள், அங்கோலாவுக்குக் கடன் கொடுத்து எண்ணெயாக வசூல். நம் நீரிணையைச் சுற்றிக்கொண்டு போக மியன்மார் வழியாகவும் ஒரு குழாய் போட்டார்கள். 2017-இல் எண்ணெய் ஓடத் தொடங்கிய அந்தக் குழாய் முழுக்க நிரம்பி ஓடினாலும் ஆண்டுக்கு 2.2 கோடி டன்தான். சீனா வாங்குவதோ 55 கோடி டன். அந்தக் குழாயால் நீரிணையிலிருந்து தப்புவது இருபத்தைந்தில் ஒரு பங்கு!

நீரிணையைத் தவிர்க்க முடியாவிட்டாலும், எண்ணெய் சேர்ப்பதில் பலித்த வழி ஒன்று உண்டு. அதற்குக் குழாயும் வேண்டாம், ஒப்பந்தமும் வேண்டாம். மலேசியா என்ற பெயர் இருந்தால் போதும்.

2024-இல் மலேசியாவிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 14 லட்சம் பீப்பாய் வாங்கியதாகச் சீனச் சுங்கக் கணக்கு சொல்கிறது. நாம் மொத்தமாக எடுப்பதே அதில் பாதியைத் தொடாது. அதே கணக்கில் அமெரிக்கத் தடைக்குள்ளான ஈரான் எண்ணெய் ஒரு சொட்டுகூட இல்லை. மிச்சத்தைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஜொகூரின் கிழக்குக் கரைக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் பக்கம் பக்கமாக நிற்கும். இடையே ரப்பர் மிதவை, மேலே தடித்த குழாய். ஒன்றின் வயிறு காலியாக, மற்றொன்றின் வயிறு நிறையும். காகிதத்தில் ஊர் மாறிவிடும்.

சீனாவைக் குறை சொல்லிப் பயனில்லை. மலிவாகக் கிடைப்பதை வாங்குகிறது. 2022-க்குப் பிறகு ரஷ்ய எண்ணெயை இந்தியாவும் அள்ளியது, அதைப் பகிரங்கமாகவே செய்தது. நமக்கு உறுத்துவது வேறு. இதே ஜொகூரில், பெங்கெராங்கில், பெட்ரோனாஸும் சவூதி அராம்கோவும் பாதிப் பாதியாகச் சேர்ந்து நாளுக்கு 3 லட்சம் பீப்பாய் சுத்திகரிக்கும் ஆலையை நடத்துகின்றன. அங்கே வெளிநாட்டு எண்ணெய் எங்கிருந்து, யாருடையது என்று எழுதிவைத்துத்தான் வருகிறது. கரையில் இத்தனை ஒழுங்கு. கரைக்கு அப்பால் கேட்பாரில்லை.

கேட்பாரில்லாததற்கு என்ன விலை என்று 2023 மே 1-இல் பார்த்தோம். புலாவ் திங்கிக்கு அப்பால் 'பாப்லோ' வெடித்தது. 1997-இல் கட்டிய கிழட்டுக் கப்பல், காபோன் நாட்டுக் கொடி. சீனாவில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. மூன்று மாலுமிகளைக் காணவில்லை. கூரை பிய்ந்த தகரப் பெட்டிபோல் கடலில் கிடந்த அதை இழுத்துப்போக உடையவர் என்று யாரும் முன்வரவில்லை. டாங்கிகள் காலியாக இருந்தது நம் அதிர்ஷ்டம். நிறைந்திருந்தால் மெர்சிங் மீனவரின் வலையில் எது சிக்கியிருக்கும்?

கள்ளத்தனமாக நடக்கும் இந்தக் கப்பல்மாற்றத்தை ஒடுக்கப்போவதாக 2025-இல் அரசு அறிவித்தது. நல்லது. படகை அனுப்பித் துரத்துவதோடு, ஒரு கடிதமும் போகட்டும். மலேசிய எண்ணெய் என்று சொல்லிச் சரக்கு இறங்கும் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் புத்ராஜெயா எழுதிக் கேட்கட்டும்: எங்கள் நாட்டுப் பெயரிட்ட அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டது யார்?